இன்னும் கட்டாத மெஷின்

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். கொழும்பில் நான் இருக்கிற வெள்ளவத்தையில் கேட்காத ஆள் இல்லை. மரக்கறிக்கடையில் கேட்பார்கள், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்பார்கள், லிஃப்ட் நாலாம் மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் கேட்டு முடித்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன் என்று சொன்னால் தப்பலாம். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னேனோ, தொலைந்தேன்.

உண்மையான வேலை இதுதான். அணுவுக்குள் இருக்கிற துணிக்கைகளைப் பயங்கர வேகத்தில் ஓடவிட்டு ஒன்றோடொன்று மோதவைக்கிற இராட்சத மெஷின்கள், ஆர்முடுக்கி என்று பெயர், வெளிநாட்டில் இருக்கின்றன. மோதலில் இதுவரை காணாத துணிக்கை ஏதாவது பிறக்கிறதா என்று பார்ப்பார்கள். இப்போது ஓடுகிற மெஷினில் நாங்கள் ஆசைப்பட்ட புதிய துணிக்கைகள் வரவில்லை. ஆகவே அதைவிடப் பெரிய மெஷின் வேண்டும் என்கிறோம். வெள்ளவத்தையில் தொடங்கி, கிட்டத்தட்ட முப்பது கிலோமீற்றர் தள்ளி இருக்கிற ஹங்வெல்ல வரைக்கும் வளைந்து போய், மறுபக்கத்தால் திரும்பி வெள்ளவத்தைக்கே வந்து சேருகிற அளவு பெரிய வட்டச் சுரங்கம் ஒன்று ஐரோப்பாவில் தோண்டவேண்டும். அது இன்னும் தோண்டப்படவில்லை. தோண்டுவதா என்றே முடிவாகவில்லை. தோண்டினால், இருக்கிறதோ இல்லையோ தெரியாத ஒரு பாரமான துணிக்கை அதில் அகப்படுமா, எவ்வளவு பாரம் வரைக்கும் அகப்படும் என்று கணினியில் பொய் மோதல்களை ஓடவிட்டுப் பார்த்து அறிக்கை எழுதுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. போகாத ஊருக்கு வழி சொல்கிற உத்தியோகம் என்று நீங்கள் சிரித்தால் நான் கோபிக்கமாட்டேன். என் அக்காவும் சிரித்தவள்தான்.

"உந்த மெஷின் எப்ப ஓடத் தொடங்கும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எல்லாம் சரியா நடந்தா, நான் பென்ஷன் எடுத்துக் கனகாலத்துக்குப் பிறகு. நான் தேடுற சாமான் தெரியிற அளவுக்கு ஓடேக்க நான் உயிரோட இருக்கமாட்டன்."

"அட கோதாரி! இதுக்காகவோ கலியாணமும் வேண்டாம் எண்டு இருந்தனீ? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். நீ இன்னும் பிறக்காத அரசனையெல்லோ நம்பிக்கொண்டு இருக்கிறாய்!"

அக்காவின் வாய் அப்படி. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் அவளுக்கும் அத்தானுக்கும் வீடு. அந்த ஒழுங்கையில் யாருக்குப் பள்ளிக்கூட இடம் வேண்டுமென்றாலும், பாஸ்போட் கெதியாக வேண்டுமென்றாலும் அக்காவிடம்தான் வருவார்கள். "பொறுங்கோ, எனக்கு அங்க ஒரு ஆளைத் தெரியும்" என்று போனை எடுப்பாள். கொழும்பில் ஆளைத் தெரிந்தால்தான் காரியம் நடக்கும் என்பது அவளுடைய வேதம். தப்பென்று எப்படிச் சொல்வேன்? அனேகமாக நடந்துதானே இருக்கிறது. சைவக்காரி, ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி கொளுத்துவாள். அந்தோனியாரும் அவளுக்குத் தெரிந்த ஆள்தான்.

அப்படிப் பேசின அந்தத் தொண்டையில்தான் நோய் வந்தது. முதலில் கரகரப்பு என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தாள். பிறகு சோறு இறங்கவில்லை. புற்றுநோய் என்று சொன்ன டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை, இன்னும் பரவவில்லை, கதிர்ச் சிகிச்சையை உடனே தொடங்கவேண்டும், பிந்தக்கூடாது என்றார். பிந்தக்கூடாது என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்த மெஷின் உடைந்து கிடந்தது. உள்ளே ஒரு பாகம் போய்விட்டதாம், வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமாம். கௌண்டரில் இருந்தவர் எங்களை நிமிர்ந்தும் பார்க்காமல் சிங்களத்தில் "லபன சதியே" என்றார். அடுத்த கிழமை. ஏழு நாள் கழித்து, அடுத்த கிழமை போனோம். அப்போதும் "லபன சதியே". அத்தான் தனியார் இடத்திலும் போய்க் கேட்டார். அங்கே எங்களுக்கு முன்னால் பாதி நாடு நின்றது.

ஆஸ்பத்திரி வரிசையில் இருந்த பெண்களுக்கு அந்தச் சிகிச்சை "கரண்ட் பிடிக்கிறது". கரண்ட் பிடிக்கிற மெஷின் எப்படி வேலை செய்யும் என்று அக்கா என்னிடம் கேட்டாள். கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் படிப்பிக்கிற வியாதி லேசில் விடுமா? "இதுவும் ஒரு ஆர்முடுக்கிதான் அக்கா. இலத்திரனை வேகமா ஓடவிட்டு ஒரு உலோகத்தில மோதவைக்கினம். அதில வாற கதிரைத்தான் கட்டியில அடிக்கிறது" என்றேன்.

அக்காவின் கண் விரிந்தது. "அப்ப உன்ர மெஷின்?"

"அதுவும் ஆர்முடுக்கிதான். அது மலை, இது மண்ணாங்கட்டி."

"என்னவாய் இருந்தால் என்ன, ஒரே சாதிதானே! அடியே, இவ்வளவு நாளும் சொல்லாமலெல்லோ இருந்தனீ!" என்று சொல்லிவிட்டு வரிசையின் பக்கம் திரும்பினாள். குரல் பாதி போய்விட்டது, இருந்த மீதியைக் கொண்டு முழு மண்டபத்துக்கும் கேட்கச் சொன்னாள். "என்ர தங்கச்சி உந்த மெஷினைத்தான் படிச்சவ. இதைச் செய்யிற வெள்ளைக்காரரெல்லாம் இவவுக்குத் தெரிஞ்ச ஆக்கள். கதைச்சு எடுத்துத் தருவா."

ஐயோ, எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம்போல இருந்தது. உலை வாயை மூடினாலும் இவள் வாயை மூட முடியாது. பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மாளிகாவத்தையிலிருந்து தாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு முஸ்லிம் பெண் என் கையைப் பிடித்து, "மிஸ், எங்கட உம்மாக்கும் சொல்லுங்க மிஸ்" என்றாள். அக்கா என் போன் நம்பரை எல்லோருக்கும் கொடுத்தாள். என் வீடு எந்த ஒழுங்கை, எத்தனையாம் மாடி என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

திரும்பி வரும்போது த்ரீவீலுக்குள் சண்டை பிடித்தேன். "விசர்க் கதை கதைக்காதேங்கோ அக்கா. நான் கடதாசியில கணக்குப் பாக்கிறவள். அந்த மெஷின்ர ஒரு ஆணியும் எனக்குத் தெரியாது. அந்த ஆக்களுக்கும் ஆஸ்பத்திரி மெஷினுக்கும் ஒரு தொடர்பும் இல்லை."

"ஒருக்காக் கேட்டுப் பாரன்," என்றாள். "கேக்கிறதில என்ன குறைஞ்சு போச்சு?"

கேட்டேன். கிழமைக்கொரு தடவை பிற்பகலில் எங்கள் கூட்டம் கணினித் திரையில் கூடும். அன்று என் பகுதிதான் பேசப்பட்டது. அந்தப் பாரமான துணிக்கை இருந்தால் எதிர்கால மெஷினில் எப்படித் தெரியும் என்று படம் படமாகக் காட்டினேன். நல்ல வேலை என்றார்கள். முடியும் நேரம், வேறு ஏதாவது இருக்கிறதா என்று தலைவர் வழக்கம்போலக் கேட்டார். இருக்கிறது என்றேன். எங்கள் ஆஸ்பத்திரியில் சிறிய ஆர்முடுக்கி ஒன்று பழுதாகிக் கிடக்கிறது, இன்ன பாகம் வேண்டும், உங்கள் ஆய்வுகூடங்களில் மேலதிகமாக இருந்தால், அல்லது செய்கிறவர்களைத் தெரிந்தால், என் அக்கா காத்திருக்கிறாள் என்று சொல்லி முடித்தேன். வெட்கம்.

பிறகு தலைவர், நல்ல மனிதர்தான், மிகவும் வருந்துகிறேன், ஆனால் இது இந்தக் கூட்டத்தின் எல்லைக்குள் வராது, இதற்கென்று வேறு அலுவலகம் இருக்கும், தேடி அனுப்புகிறேன் என்றார். இன்னொருவர் என்னைத் தேற்ற நினைத்து, எங்கள் துறை ஆட்கள் காத்திருக்கப் பழகியவர்கள் அல்லவா என்றார். யாரோ அனுப்பிய சிவப்பு இதயம் ஒன்று திரையின் கீழிருந்து மேலே மிதந்து போய் மறைந்தது. கூட்டம் முடிந்தது. தலைவர் எதையும் அனுப்பவில்லை. கணினியைத் தூக்கி ஜன்னலால் கீழே ஒழுங்கைக்குள் எறிந்திருப்பேன், ஆனால் அது பல்கலைக்கழகத்துச் சாமான்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. நாற்பது வருடத்துக்குப் பிறகு பிறக்கப் போகிற மாணவர்களுக்காக இன்றைக்கே கவலைப்படுகிறவர்கள் அவர்கள். நானும் அவர்களோடு சேர்ந்து கவலைப்பட்டவள்தான்.

அக்காவிடம், "கேட்டனான், அவங்கள் ஒண்டும் செய்யமாட்டாங்கள்" என்றேன். அவள் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டாள். "கேட்டிட்டாள்!" என்று அத்தானைப் பார்த்துச் சிரித்தாள். "பெரிய ஆக்கள் உடன ஓம் எண்டு சொல்லமாட்டினம். செய்வினம் பார்." அப்போது அவளுக்குக் காற்றுத்தான் வந்தது, குரல் இல்லை. அந்தக் காற்றிலேயே வரிசைப் பெண்களுக்குப் போன் எடுத்துச் சொன்னாள்.

அதன் பிறகு கஞ்சித் தண்ணீரும் இறங்கவில்லை. வயிற்றில் குழாய் போட்டார்கள். நோய் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது, இனிக் கரண்ட் பிடித்தும் பிரயோசனமில்லை என்று டாக்டர் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். கடைசிக் கிழமைகளில் அக்கா பேசவே இல்லை. அவளைப் பேச்சில்லாமல் கண்டவர்கள் நானும் அத்தானும் மட்டும்தான்.

நேரத்துக்குத் தொடங்கியிருந்தால் தப்பியிருப்பாளா என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். சரியான பதில். ஒரு தரம் நடந்ததை வைத்து ஒன்றும் சொல்லக்கூடாது, தற்செயலாக இருக்கலாம், சந்தேகத்துக்கு இடமில்லாத அளவு சான்று சேரும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்று வருடக்கணக்காக மாணவர்களுக்குப் படிப்பிக்கிறவள் நான். இப்போது வாயைத் திறந்து சொல்கிறேன்: அந்த மெஷின் ஓடியிருந்தால் என் அக்கா இருந்திருப்பாள். சான்று எங்கே என்று கேட்டுக்கொண்டு ஒருவரும் என் வாசலுக்கு வரவேண்டாம்.

செத்த வீட்டுக்குப் பிறகும், அக்கா போனது தெரியாத வரிசைப் பெண்களின் போன் வந்துகொண்டே இருந்தது. தெரியாத நம்பரைக் கண்டால் எடுக்காமல் விட்டேன். என்ன சொல்வது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கொஞ்ச நாளில், வீட்டிலிருந்தே மறுபடியும் கணினிக் கூட்டத்தில் சேர்ந்தேன். எதிர்கால மெஷினின் கால அட்டவணை இன்னும் சில வருடங்கள் பின்னுக்குப் போகலாம் என்று தலைவர் சொல்ல, எல்லோரும் அமைதியாகத் தலையாட்டினார்கள். என் தலையும் பழக்கத்தில் ஆடியது. அந்த நேரம் வாசல் மணி அடித்தது. கமராவை நிறுத்திவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

மாளிகாவத்தைப் பெண். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நாலு மாடியும் படியால் ஏறி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. கையில் மூடிபோட்ட ஒரு கிண்ணம்.

"மிஸ், போன் எடுக்கல்ல நீங்க, அதான் தேடிக்கிட்டு வந்த. மெஷின் செரியாகிட்டு மிஸ்! உம்மாக்குத் தொடங்கிட்டாங்க! வட்டிலப்பம் கொண்டாந்தீக்கிறேன். அல்லாஹ் ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்கமாட்டான்."

"நான் ஒண்டும் செய்யேல்ல," என்றேன். "அது தன்பாட்டில வந்தது. உண்மையா எனக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை."

அவள் சிரித்தாள். "ஒங்கட அக்கா சொன்னாங்க மிஸ். என்ட தங்கச்சி எல்லாம் செய்வா, செஞ்சதெண்டு மட்டும் வாயால சொல்லமாட்டா எண்டு. அப்படியே சொல்றீங்க!" கிண்ணத்தை என் கையில் வைத்து அழுத்தினாள். இன்னும் சூடு இருந்தது. பிறகு என் தோளுக்கு மேலால் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா எங்க மிஸ்? வரிசையில எல்லாரும் கேக்குறாங்க. அவங்களுக்கு எப்ப தொடங்குறாங்க?"

உள்ளே கணினியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அடுத்த கிழமை" என்று சொன்னேன்.