குணசுந்தரி சொன்ன பேரு

குணசுந்தரியப் பத்தி எங்க குப்பத்துல ஒருத்தரும் நல்லதாப் பேச மாட்டாங்க. புருஷன முழுங்கப் பாத்தவன்னு சொல்லுவாங்க. சொல்லுற வாயெல்லாம் புழுத்துப் போவ. அன்னிக்கு அவ பக்கத்துல நின்னவ நான். என்னை எவளாவது ஒரு வார்த்தை கேட்டாளா?

கடலூருக்குத் தெக்க, சிதம்பரம் போற ரோட்டுல, அறுபத்திரண்டுல ஒரு உரக் கம்பெனி வந்துச்சி. கடலுக்குப் போயிக்கினு இருந்த எங்க ஆம்பளைங்க கொஞ்சம் பேரு அங்க வேலைக்குப் போனாங்க. குணசுந்தரி புருஷனும் போனாரு. பின்னாலயே அவளும் நானும் கூலிக்குப் போனோம், கட்டி உடைக்க.

என்னா கட்டின்னு கேக்குறியா? அங்க ரெண்டாளு உசரத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி. அடியில சல்லடை மாதிரி ஓட்டை போட்ட தட்டு. கீழேருந்து சூட்டுக்காத்து ஊதுனா, உள்ள கொட்டுன உரத்தூளு உலையரிசி மாதிரி கொதிச்சுக் குதிக்கும். மேலேருந்து மருந்துத் தண்ணியப் பூத்தூறலாத் தெளிப்பாங்க. தூளு ஈரம் பட்டு உருண்டு குருணையா வரும். தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியாச்சின்னா கெட்டுது போ. குருணையும் குருணையும் ஒட்டிக்கினு தேங்கா அளவு, பூசணிக்கா அளவுன்னு கட்டியாயிடும். வெளிய வர்ற கட்டிய நாங்க மரக் கொட்டாப்புளியால உடைப்போம். தொட்டி செவுத்துல அடையா அப்பிக்கிச்சின்னா மட்டும், காத்த நிறுத்திட்டு ஒரு ஆம்பள கடப்பாறையோட உள்ள எறங்கிக் கொத்தணும். தொட்டி வாசல்ல இன்னொருத்தரு நின்னுக்கினு, உள்ள இருக்கறவரு பேர மேல் மச்சுல நிக்கிற மேஸ்திரிக்குக் கேக்குறாப்ல கத்தணும். பேரு காதுல விழுந்தா மேஸ்திரி காத்து சுவிட்சத் தொடக் கூடாது. அதுதான் கம்பெனி சட்டம்.

குணசுந்தரி புருஷன் பேரு பழனிவேல். கட்டிக்கினு வந்த நாள்லேருந்து அந்தப் பேரு அவ வாயில வந்ததில்ல. பழனி முருகனுக்கு மொட்டை போடப் போனாக்கூட 'மலைக்குப் போறோம்'னுதான் சொல்லுவா. எங்க குப்பத்துல எல்லாப் பொம்பளையும் அப்படித்தான். கடல் மேல போறவன் பேரப் பொண்டாட்டி சொன்னா அவனுக்கு ஆயுசு கொறையும்னு சொல்லித்தான் எங்கள வளத்தாங்க. ஆனா இவ அதுல எல்லாரையும் விடக் கெட்டி. அவரு மேல அவ்ளோ உசுரு. அவரும் லேசுப்பட்டவரு இல்ல. பொண்டாட்டியோட சோத்துத் தூக்கையும் சேத்து அவரே தூக்கிக்கினு, ஏதாவது பேசிக்கினே கூட நடந்து வருவாரு. பாத்து நாங்க சிரிப்போம்.

மேஸ்திரி உத்திராபதி சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஆளு. இவ புருஷன் பேரச் சொல்ல மாட்டான்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. சோறு துன்னுற நேரத்துல வந்து, உன் ஊட்டுக்காரன் பேர ஒரு தபா சொல்லு, சீக்கிரமா ஊட்டுக்கு அனுப்பறேன்னு வம்பிழுப்பான். கல்யாணத்துல பொண்ண மடக்கி மாப்பிள்ள பேரு கேப்பாங்களே, அந்த மாதிரி. அவளும் முந்தானையால வாயப் பொத்திக்கினு போயிடுவா.

மார்கழி மாசம். ஆருத்ரா தரிசனத்துக்குத் தேர் இழுக்க ஆம்பளைங்க பாதிப் பேரு சிதம்பரம் போயிட்டாங்க. மழையில தூளு நமுத்துக் கெடந்துச்சி. நமுத்த தூளுக்குத் தண்ணியக் கொறைக்கணும். உத்திராபதி கொறைக்கல. மத்தியானத்துக்குள்ள செவுரு பூரா அடை. காத்த நிறுத்தி, பழனிவேல் மாமா கடப்பாறையோட உள்ள எறங்குனாரு. வாசல்ல நிக்க ஆம்பள இல்லன்னு குணசுந்தரிய நிக்கச் சொன்னான் அந்தப் பாவி.

உள்ள யாருன்னு மச்சுலேருந்து கேட்டான். அவரு எறங்குனத அவனே கண்ணால பாத்தவன்தான். அவுருதான் இருக்காருன்னு இவ சொன்னா. எவுருன்னான். எங்க ஊட்டுக்காரருன்னா.

"பேரு சொன்னாத்தான் ஆளு இருக்கான்னு அர்த்தம். பேரு இல்லன்னா உள்ள ஆளே இல்ல" ன்னு சிரிச்சான்.

நான் கொட்டாப்புளியப் போட்டுட்டு, பழனிவேல் மாமா உள்ள இருக்காருய்யான்னு கத்துனேன். நீ வாய மூடு, வாசல்ல நிக்கறவ சொல்லட்டும்னுட்டு, சும்மா மெரட்டறதுக்கு சுவிட்சத் தட்டுனான். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். கீழ காத்து உறும ஆரம்பிச்சுது. குணசுந்தரி மூஞ்சி வெளுத்துப் போச்சு. கண்ண இறுக்கி மூடிக்கினு தொண்டை கிழியக் கத்துனா.

"பழனிவேல். பழனிவேல் உள்ள இருக்காரு."

அவன் சிரிச்சிக்கினே சுவிட்ச நிறுத்துனான். ஆனா கொத்திக் கொத்தி ஏற்கெனவே விரிசல் உட்டிருந்த அடை, அந்தக் காத்து அதிர்ச்சியில பலகையாப் பேந்துக்கிச்சி. அவ கத்தி முடிக்கறதுக்கும் அது அவரு முதுகு மேலயும் இடுப்பு மேலயும் விழறதுக்கும் சரியா இருந்துச்சி.

மஞ்சக்குப்பத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடுனோம். உசுரு நின்னுது, கையும் காலும் வெளங்காமப் போயிடுச்சி. அதுக்குள்ள குப்பத்துல பேச்சு கெளம்பியாச்சு, இவ பேரச் சொன்னா, அது விழுந்துச்சின்னு. காத்தப் போட்டவன ஒருத்தரும் கேக்கல. உத்திராபதி சாத்துக்குடி வாங்கிக்கினு பாக்க வந்தான். குணசுந்தரி மாமியாக்காரி ராணியம்மா அவன உக்கார வெச்சு காப்பி வாங்கிக் குடுத்தா. நான் வெளையாட்டுக்குத்தானே கேட்டேன், நெசமாவே சொல்லிடும்னு கண்டனான்னு அவன் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு சொல்றான். சுவிட்சத் தட்டுனது இவன்தான்னு நான் சொன்னேன். காத்து பட்டு யாருக்குடி இடுப்பு உடையும்னு ராணியம்மா என்னை மடக்குனா. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

குணசுந்தரி இது எதையும் காதுல வாங்கல. ஊரு என்னா பேசுனா என்னா, அவரு கண்ணத் தொறந்து, என்னைக் காப்பாத்தத்தானே கத்துனன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு கட்டிலண்டையே பட்டினியாக் கெடந்தா. ஒரு வழியா அவருக்கு நெனவு திரும்புச்சி. இவ குனிஞ்சு கிட்டப் போனா.

"உள்ளேருந்து கேட்டேன்டி" ன்னாரு. "உன் வாயாலயே என் பேரக் கேட்டேன்."

இன்னிக்கும் அவரு இருக்காரு. இவ அதே உத்திராபதிகிட்டதான் கட்டி உடைச்சிக் கூலி வாங்கறா. ஊட்டுக்கு வந்து அவரத் தூக்கி உக்கார வெச்சு, கழுவி உட்டு, சோத்தப் பிசைஞ்சு ஊட்டறா. வாயத் தொறந்து வாங்கிக்கறாரு. அந்த வாயால அதுக்கப்புறம் அவகிட்ட ஒரு வார்த்தை பேசல.