ஐந்து ஏழுகளும் முடியாத பைனலும்

ஜெர்சியில் பெயரும் நம்பரும் ஒட்டுவது சுலபமான தொழில் என்று நம்பித்தான் ஆம்பூரில் கடை போட்டேன். பதினாறு வயசுப் பிள்ளைகளுக்கு ஒட்டிக் கொடுத்துப் பாருங்கள்; கடை வைத்து நொந்த யாராக இருந்தாலும் என் பக்கம்தான் பேசுவீர்கள்.

ஐந்து ஏழுகள்

பையன்களின் கிரிக்கெட் டீம் வந்தது. பதினோரு பேரில் ஐந்து பேருக்கு ஏழாம் நம்பர்தான் வேண்டுமாம். கடைக்குள்ளேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் பஞ்சாயத்து பண்ணி 7, 07, 17, 70, 77 என்று பிரித்துக் கொடுத்தேன். 70 கிடைத்தவன் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். கேப்டன் அவன் தோளில் கை போட்டான்: "விட்றா தோஸ்த், ஓடும்போது பூஜ்யம் எவனுக்குத் தெரியும்?"

ஒரே நம்பர்

அடுத்த வாரம் பெண்கள் கபடி டீம். ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எல்லோருக்கும் ஒரே நம்பர் வேண்டுமாம். அப்படியெல்லாம் விளையாட விடமாட்டார்கள் என்றேன். கேப்டன் ரேவதி விளக்கினாள்: "அவுட்டானது யாருன்னு போட்டோல தெரியக்கூடாதுண்ணா. தெரிஞ்சா, 'இதுக்குத்தான் போனியா'ன்னு அவள மட்டும் வீட்ல நிறுத்திடுவாங்க."

ராசி

இரண்டு டீமும் முதல் ஆட்டத்திலேயே தோற்றன. பையன்கள் மறுநாளே வந்து ஜெர்சிகளை மேஜை மேல் வீசினார்கள். நீலம் ராசியில்லையாம். நீலம் கேட்டது யார் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. 77 மட்டும் கொஞ்சம் நியாயஸ்தன்: "கேட்ச் விட்டது நான்தாண்ணா. ஆனா கலரும் சரியில்ல."

பைனல்

பெண்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஜெயித்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். தோற்றதை வீட்டில் சொல்லவே இல்லையாம். சொன்னால் பிராக்டிஸ் நின்றுவிடும். சாயங்காலம் ஏழு பேரும் சேர்ந்திருக்கிற அந்த ஒரு மணி நேரமும் போய்விடும். யார் கேட்டாலும் பைனல் பாக்கி இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டுமாம். பொய் சொன்னால் எனக்கு உடனே வியர்த்துவிடும். இருந்தாலும் தலையாட்டிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ரேவதியின் அம்மா வந்தார். ஷூ கம்பெனியில் தையல் வேலை. ஷிப்ட் முடிந்து, கழுத்தில் தொங்கும் அட்டையோடு நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

"பைனல் எப்போண்ணா?"

"மழையால தள்ளிப் போச்சும்மா."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் வெயிலைப் பார்த்தார், வியர்த்து நின்ற என்னைப் பார்த்தார். பையிலிருந்து மகளின் ஜெர்சியை எடுத்தார்; நம்பர் ஓரத்தில் உரிந்திருந்தது.

"நல்லா அழுத்தி ஒட்டுங்கண்ணா, ரொம்ப நாள் வரணும். அவங்க தோத்தது எனக்கு அன்னிக்கே தெரியும். அத மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

பையன்களுக்கு ஒரே நாளில் முடிந்துபோன ஆட்டம், இந்தப் பெண்களுக்கு நாலாவது மாதமாக மழையால் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது, அந்த மழைக்குப் பொறுப்பாளி நான்.