தகரக் கொட்டாயும் என் பத்து நிமிடமும்

கச்சேரி நடத்துகிறவர்கள் பயப்படுவது மழைக்கும் பாடகரின் தொண்டைக்கும். நெய்வேலிப் பக்கம் நடத்துகிறவன் ஷிப்டுக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டும்.

எங்காவது மூங்கில் நட்டு, மைக்செட்காரரைக் கெஞ்சி, ஒரு நிகழ்ச்சியாவது நடத்தியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் கட்சி. உங்களுக்கு விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முத்தாண்டிக்குப்பம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, முந்திரித்தோப்புகளுக்கு நடுவே எங்கள் ஊரில் ஒரு தகரக் கொட்டாய் இருந்தது. ஞாயிறு மதியம் ஆனால் அங்கே பாட்டு. பாடியவர்கள், வாசித்தவர்கள் பெரும்பாலும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர்கள். பொறுப்பாளர் நான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மீதிப் படிப்பு முழுக்கத் தொழிற்சங்கத் துண்டறிக்கைகளில்.

சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது ஊரோடு கொட்டாயும் போயிற்று. இப்போது நாங்கள் குடியேறியிருக்கிற காலனியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொது இடம் காலியாகக் கிடந்தது. அங்கே கொட்டாயை மறுபடி எழுப்ப வேண்டும் என்றேன் நான். வேன்கள் நிறுத்தக் கூரை போட வேண்டும் என்றது இன்னொரு கூட்டம். ஒரு தகரக் கூரைக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்பீர்கள். என்ன போயிற்று என்று தெரிந்தால் கேட்கமாட்டீர்கள்.

பின்வரிசையின் மரியாதை

நாற்காலிக்கு எங்களிடம் வழியில்லை. சுரங்கத்தில் கழித்துப்போட்ட பழைய கன்வேயர் பெல்ட்டை ஏலத்தில் எடுத்து, பாய் மாதிரி விரித்துவிட்டோம். தேயவே தேயாது. ஒரே குறை, கொட்டாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதி சித்திரை வெயிலில் தோசைக்கல்லாகிவிடும். கருப்பு ரப்பர் அல்லவா?

சிதம்பரம் பக்கத்திலிருந்து ஒரு பாடகரை அழைத்திருந்தோம். முதல் பாட்டு முடிவதற்குள் பின்வரிசை முழுக்க எழுந்து நின்றுவிட்டது. அவர் கண் கலங்கிவிட்டார். கைகூப்பி, அதே பாட்டை மறுபடி பாடினார். அப்போதும் யாரும் உட்காரவில்லை. மூன்றாவது முறை பாடத் தொண்டையைக் கனைத்தார். தவில், டிரம், தம்பட்டம் எதைக் கொடுத்தாலும் அடிக்கிற எங்கள் கலியமூர்த்தி என் காதில் சொன்னான்: "அண்ணே, அவருகிட்ட சொல்லிடுண்ணே. நிக்கிறவங்களுக்குப் பின்னாடி சுடுது. மரியாத பண்றவங்கல்லாம் நெழல்ல உக்காந்துகினு இருக்காங்க."

ஆள் மாற்றம்

சுரங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. அடுத்த ஷிப்டு ஆள் வந்து பொறுப்பேற்கும்வரை நிற்கிற இடத்தை விட்டு நகரக் கூடாது. எங்கள் ஆட்கள் அந்தச் சட்டத்தைக் கொட்டாய்க்கும் கொண்டுவந்துவிட்டார்கள். முதல் ஷிப்டு முடிந்து வருகிறவன் பாட்டின் நடுவே வந்து உட்காருவான். இரண்டாம் ஷிப்டுக்குப் போக வேண்டியவன் குச்சியைக் கொடுத்துவிட்டு எழுந்து ஓடுவான். தாளம் ஒரு அடிகூடத் தவறாது. வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள்.

ஒருநாள் கலியமூர்த்திக்கு மாற்று வரவேண்டிய ஆள் வரவில்லை. வரவேண்டியவன் பெர்மனென்ட், தாமதிக்கலாம். கலியமூர்த்தி கான்ட்ராக்ட், நகரக் கூடாது. அவன் நிறுத்தாததால் பாடியவனும் நிறுத்த முடியவில்லை. இருந்த சரணங்கள் தீர்ந்துபோய், அவன் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களை ராகம் போட்டுப் பாடினான். வடலூர் வந்தது, குறிஞ்சிப்பாடி வந்தது. கடலூர் வந்து, இனிமேல் கடல்தான் என்ற நிலையில் மாற்று ஆள் சைக்கிளில் வந்து இறங்கினான். கை வீங்கிப்போன கலியமூர்த்தி அவனைத் திட்டவில்லை. முறைப்படி ஒப்படைத்தான்: "சார்ஜ் எடுத்துக்க. மிஷின் நல்லா ஓடுது. எந்த ஊர்ல இருக்கோம்னு பாடறவனக் கேளு."

ஒழிகவின் தாளம்

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு இன்ஜினியர் வருவார். திருநெல்வேலிக்காரர், மிருதங்கம் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை பெல்ட்டில் எங்களோடு சம்மணம் போட்டு உட்காருவார். மற்ற நாட்களில் நிர்வாகத்தின் ஆள். நாங்கள் வேலை நிரந்தரம் கேட்டுப் போராடியபோது அவர் அலுவலக வாசலிலேயே நின்று, அவர் காதுபடவே ஒழிக போட்டோம். தொண்டை கிழியப் போட்டவன் நான்.

அந்த ஞாயிறு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். மிருதங்கத்தை இறக்கி வைத்தார். என்னை அருகில் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கச் சொல்வார், மறுக்க வேண்டும் என்று நான் வாக்கியம் தயார் செய்துகொண்டே போனேன். அவர் தொடையில் தட்டிக் காட்டினார்: "ஏன்யா, எனக்கு ஒழிக போடுதீங்க, சரி. தாளத்தையும் சேத்து ஒழிச்சிராதீங்க. 'ஒழிக'வ ஒரு தட்டு தள்ளி எடுங்க, கூட்டம் தானா சேந்து கத்தும்." மறுநாள் அப்படியே எடுத்தோம். வர்க்க எதிரியாக இருந்தாலும் சரியாகச் சொன்னதைச் சரியென்றே சொல்வேன்: கூட்டம் சேர்ந்து கத்தியது.

பத்து நிமிடம்

பாட்டுக்கு முன்னால் நான் பத்து நிமிடம் பேசுவேன். கூலி உயர்வு, பாதுகாப்புக் காலணி, உலக நிலைமை. என் பேச்சில் நெருப்பு இருக்கும் என்று பண்ருட்டி வரைக்கும் பெயர். அந்தப் பத்து நிமிடம் சில நாள் ஒரு மணி நேரமாகும். நெருப்பை அளந்தா எரிக்க முடியும்?

ஒருநாள் உடம்பு சரியில்லாமல் பேச்சை விட்டுவிட்டு நேராகப் பாட்டைத் தொடங்கச் சொன்னேன். கொட்டாய் வாசலில் வேர்க்கடலை விற்கிற அஞ்சலை அக்கா முகம் வாடி என்னிடம் வந்தது. ஊரில் ஒரு ஜீவனாவது என் பேச்சுக்கு ஏங்குகிறதே என்று நெகிழ்ந்துபோனேன். அக்கா சொன்னது: "என்னா தம்பி இப்பிடிப் பண்ணிட்ட? நீ பேச ஆரம்பிச்சாதான எல்லாரும் எழுந்து கடல வாங்க வராங்க? இன்னைக்கி கூடையில கடல அப்பிடியே கீது."

குடியிருப்போர் விவரம்

நிலம் அளக்க வந்தவர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். கிணறு, பலாமரம், மாட்டுக் கொட்டகை எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. எங்கள் கொட்டாய்க்கு என்ன பெயர் போடுவது என்று அளக்க வந்த பையனுக்குத் தெரியவில்லை. நல்ல பையன், கேட்கத்தான் கேட்டான்: "இதுல யாருங்க குடியிருக்காங்க?"

நான் அதற்கு ஒரு பத்து நிமிட விளக்கம் தயார் செய்துகொண்டிருந்தேன். அதற்குள் கலியமூர்த்தி தூணில் சாய்ந்துகொண்டு பதில் சொன்னான்: "ஞாயித்துக்கிழம ஊரே இருக்கும் சார். மத்த நாள்ல வூட்டுக்குத் தூங்கப் போவோம்."

கடைசிக் கூட்டம்

காலனிக் கூட்டத்தைக் கூட்டியவர் வார்டு உறுப்பினர் செல்வி. சின்ன வயது, கறார். வேன்காரர்கள் முதலில் பேசினார்கள், நியாயமாகவே பேசினார்கள். பிறகு பிள்ளைகள் எழுந்து, நாங்களும் வாசிக்கிறோம், எங்களுக்கு இடம் எங்கே என்றார்கள். காலனிக்கு வந்ததிலிருந்து பக்கத்துத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்று ஒரு பெண் சொன்னாள். கூட்டம் எங்கள் பக்கம் சாய்ந்தது. நான் தயாரித்துவந்த உரையைக் கையில் எடுத்தேன். ஒரு முணுமுணுப்பு பரவியது. செல்வி கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்.

கொட்டாய்க்குப் பெரும்பாலானவர்கள் சம்மதம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை: அங்கே பாட்டு மட்டும்தான், பேச்சு கூடாது. தலைமையுரை, வாழ்த்துரை, விளக்கவுரை எதுவும் கூடாது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கைதட்டுவதற்குக் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தவன் கலியமூர்த்தி. லத்திக்குப் பயப்படாதவன் நான். அன்றைக்குப் பயந்தேன். என்னிடமிருந்து வேலையை எடுத்திருக்கிறார்கள், நிலத்தை எடுத்திருக்கிறார்கள். மைக்கை யாரும் கேட்டதில்லை.

பின்னால் அந்தப் பிள்ளைகள், பாதி எழுந்தும் எழாமலும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் பேரம் பேசிப் பார்த்தேன். திறப்பு விழாவுக்கு ஒரு சின்ன நன்றியுரையாவது?

"நன்றிய மனசுல வச்சிக்குங்கண்ணே," என்றார் செல்வி. "நாங்க புரிஞ்சிக்கிறோம்."

உரையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் நடத்திய போராட்டங்களிலேயே கோரிக்கை முழுதாக நிறைவேறியது இது ஒன்றுதான், அதற்கு நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் வாயை மூடுவது.