அவர் விட்டுப்போன டோக்கன்

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். பாதி ஆயுளை வளைகுடாவில் கழித்தவர், லீவுக்கு அறந்தாங்கி வந்தாலும் வாயில் கொழுக்கட்டைதான். நான் நேர்மாறு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கத்திக் கத்தியே என் வாய் நீண்டுபோனது. கடைசியாக அவர் வந்த லீவில், மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு, சாயங்காலமானால் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். நான் காபியோடு கிட்டே போனால் பட்டென்று மூடிவிடுவார்.

“கடல் தாண்டி வந்தது இந்தப் பொட்டிகூடக் குடித்தனம் பண்ணவா?” என்று கேட்டேன்.

“சும்மா பாக்குறேன்,” என்றார்.

அந்த லீவில் நாங்கள் வெளியே போனது ஒரே ஒரு இடம், சித்தன்னவாசல். பாறைமேல் ஏறும்போது நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்தங்கினேன். திரும்பிப் பார்த்தார். செருப்பு வார் இழுக்கிறது என்றேன். தலையாட்டிவிட்டு, என் கூடவே மெதுவாக ஏறினார்.

திருச்சியில் விமானம் ஏறும்போது வழக்கம்போல “வாரேன்” என்றார். அடுத்து பெட்டியில்தான் வந்தார். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம்.

காரியம் முடிந்தது. வந்த சனமெல்லாம், துக்க வீட்டு வழக்கப்படி, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார்கள். அதன் பிறகு நான் லேப்டாப்பைத் திறந்தேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த மனுஷன் என்னிடம் மறைத்து இதில் என்ன பார்த்தார்? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். பார்த்த பக்கங்களின் வரலாற்றைத் தேடினேன். கழுவி விட்டதுபோல் இருந்தது. ஒன்று விடாமல் அழித்திருந்தார்.

இரண்டொரு நாள் கழித்து ஏதோ செய்தி படிக்கத் திறந்தேன். ஓரத்தில் ஒரு விளம்பரம். சரக்கேற்றும் சின்ன வண்டி, ஊரில் குட்டியானை என்போமே, அது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒவ்வொரு லீவிலும், “இதோட சரி. ஒரு குட்டியானை வாங்கி ஓட்டிக்கிட்டு இங்கிட்டே கெடந்துடுவேன்,” என்று சொல்வார். அதுவும் விமானம் ஏறுகிற அன்றைக்குத்தான் சொல்வார். நான் நம்பியதே இல்லை. நிசமாகத்தான் தேடியிருக்கிறார், ஊரோடு வந்துவிட நினைத்திருக்கிறார் என்று அன்றைக்குப் பட்டது. அழுதுகொண்டே அந்த வண்டியைத் தட்டினேன்.

மறுநாள் வேறு வண்டி வந்தது. அப்புறம் பழைய வண்டி விற்பவர்கள், தார்ப்பாய், சீட்டு உறை. விளக்கு வைத்ததும் திறந்து உட்காருவது வழக்கமாகிவிட்டது. “இன்னிக்கி என்ன கொண்டாந்திருக்கீங்க?” என்று கேட்பேன், ஏதாவது வரும். சில நாள் முதுகுக்குப் பின்னால் அவர் நிற்பதுபோல் இருக்கும். கதவுக்கு முதுகைக் காட்டி உட்காருவதை விட்டுவிட்டேன். பயந்தேன். ஆனால் அந்தப் பயம் எனக்கு வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு சனியன். முட்டிவலிக்கு மாட்டுகிற பச்சை பெல்ட். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும். நான் அவரைத் தேடி உட்கார்ந்தால், வீங்கிய முட்டியைக் காட்டிக்கொண்டு இது. ஒரு நாள் ஆத்திரத்தில் மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தொட்டேன். ஏன் வேண்டாம் என்று கேட்டது. பொருத்தமில்லை என்பதைத் தேர்ந்தேன். “நன்றி, இனி இதைக் காட்டமாட்டோம்” என்றது. விட்டது தொல்லை என்று இருந்தேன்.

மகள் சென்னையிலிருந்து வந்தாள். இந்த மாதிரி விளம்பரங்களை ஆளுக்குத் தக்கபடி அனுப்புகிற கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. நான் லேப்டாப்போடு பேசுவதை அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“யாருகிட்டம்மா பேசுற?”

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“கோயில் வாசல்ல செருப்பு விட்டா டோக்கன் குடுப்பாங்கள்ல, அது மாதிரிம்மா. ஒரு பக்கத்துக்குள்ள போனா, ஒன் லேப்டாப்புல ஒரு டோக்கன் போட்டு வைக்கும். பேரு குக்கீ. அது இல்லாட்டி, ஒவ்வொரு தடவை போறப்பவும் நீ அதுக்குப் புது ஆளு.”

“அதான் குக்கீயை ஏத்துக்கிறீங்களான்னு கேக்குதா? நான் எல்லாத்துக்கும் சரின்னுதான் தட்டுவேன். வாசல்ல வந்து கேக்குறவங்ககிட்ட மூஞ்சில அடிச்சாப்புல வேணாம்னா சொல்லுறது?”

“எல்லாரும் அப்படித்தான் தட்டுறாங்க. அந்தப் பக்கத்தை நடத்துற கடைக்காரன் போடுறது ஒண்ணு. அதுபோக, வெளம்பரக்காரன் எல்லாக் கடை வாசல்லயும் நின்னு அவன் டோக்கனையும் போடுவான். அதை வச்சு நீ எங்கிட்டுப் போனாலும் அடையாளம் கண்டுக்குவான். பாத்ததை அழிச்சாலும் டோக்கன் தானாப் போகாது, அதைத் தனியா அழிக்கணும்.”

“அப்ப ஒங்கப்பா பாத்தப்ப போட்டது இதுக்குள்ளதானே இருக்கு. எடுத்துக் காட்டு.”

காட்டினாள். எழுத்தும் எண்ணுமாக ஒரு கந்தரகோளம். “எனக்கே புரியாதும்மா. போட்டவனுக்குத்தான் தெரியும்,” என்றாள். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. கட்டிய பெண்டாட்டிக்குத் தெரியாதது, முகம் தெரியாத எவனுக்கோ தெரிந்திருக்கிறது. இத்தனைக்கும் அவர் மறைத்தது என்னிடம்தான். அவனிடம் மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

“குட்டியானை?” என்றேன்.

“மொத வண்டி யாருக்கு வேணாலும் வந்திருக்கும். நீ தட்டுன. தட்டத் தட்ட அது அனுப்புது. இங்க ஒக்காந்து தட்டுறது யாரு, இருக்கவங்களா செத்தவங்களான்னு அதுக்குத் தெரியாதும்மா. இவ்வளவு நாளா ஒனக்கு வந்தது அப்பா இல்ல. நீதான்.”

வீடு சட்டென்று காலியானது. அவர் என்று நினைத்து நான் பேசியதெல்லாம் என்னோடுதான். பெட்டி வந்த அன்றைக்குக்கூட எனக்கு அப்படி இருக்கவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள். “அப்பா பாத்ததுன்னா அது வேற மாதிரி இருக்கும். நீ தேடாம, தட்டாம, ஒரே சாமான் விடாமப் பின்னாடியே வந்துச்சா? யாராச்சும் எடுத்துப் பாத்து, வாங்காம வச்சுட்டுப் போனாத்தான் அப்படி வரும்.”

“ஒரு முட்டிவலி பெல்ட்டுதான் வந்து உசிரை வாங்குச்சு. மூடித் தொலைச்சேன்.”

“ஒனக்கு முட்டிவலியா?”

வலிதான். யாரிடமும் சொன்னதில்லை. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாலே, கிழவனாயிட்டீங்களா என்று கேலி பண்ணுகிற வாய் என்னுடையது, என் வலியை எப்படிச் சொல்லும்? சித்தன்னவாசலில் கம்பியைப் பிடித்தபோதும் செருப்பு வார் என்றுதான் சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை. காபியோடு நான் வரும்போதெல்லாம் மூடியது அந்தப் பச்சை பெல்ட்டை.

போவதற்கு முன்னால், எல்லாவற்றையும் அழித்துத் தரட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த டோக்கனுக்கும் ஆயுசு உண்டாம், கெடு முடிந்தால் தானாகவே செத்துப்போகுமாம்.

இப்போதும் விளக்கு வைத்ததும் திறக்கிறேன். குட்டியானை வருகிறது, தார்ப்பாய் வருகிறது. பெல்ட் வரவில்லை. பெயரை ஒருதரம் தட்டினால் போதும், நாளைக்கே வந்து நிற்கும். ஆனால் அது நான் கூப்பிட்டு வந்ததாக இருக்கும். விரல் எழுத்து வரைக்கும் போய்த் திரும்பிவிடுகிறது. வாரேன் என்று சொல்லிப் போனவர் தெரிந்த வழியில் வந்துதான் நின்றிருக்கிறார். பொருத்தமில்லை என்று அனுப்பியவள் நான். இனி இதைக் காட்டமாட்டோம் என்று அன்றைக்கு அது சொன்னது. சொன்ன சொல் மாறவில்லை.