ஈசான மூலையில் குப்பைக் கூடை

இன்று காலை கொம்பியூட்டரை அப்டேட் செய்தேன். கீழே கிடந்த டாஸ்க்பார் வலது ஓரத்தில் நிமிர்ந்து நின்றது. அதன் உச்சியில் குப்பைக் கூடை.

கட்டாரில் இருக்கும் மகனின், அதாவது என் கணவரின், அழைப்புக்காகக் காத்திருந்த மாமி பதறிவிட்டார்.

"என்ன புள்ள, ஈசான மூலையில குப்பை இரிக்கி! அதான் அவன்ட கோல் வருதில்ல."

"கொம்பியூட்டருக்கு ஏது மாமி மூலை?"

"அது வீட்டுக்குள்ளதானே இரிக்கி?"

டாஸ்க்பாரைக் கீழே இழுத்துவிட்டேன். அப்போதுதான் அதன் ஓரத்தில் வைஃபை அணைந்து கிடப்பதைக் கண்டேன். சத்தமில்லாமல் போட்டேன்.

உடனே என் கணவரின் கோல் வந்தது.

"பாத்தியா?" என்றார் மாமி.

இப்போது தன்னாமுனையில் இருக்கும் சித்தியின் லப்டொப்பைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார். கையில் திருஷ்டி கழிக்கத் தேசிக்காய்.

உங்கள் குப்பைக் கூடை எந்த மூலையில்? மாமி கேட்கச் சொன்னார்.