படுத்தபடியே மிஷின் ஓட்டிய அக்கா

போன செவ்வாய்க்கிழமை காலை, என் அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்தபடியே தையல் மிஷின் ஓட்டினாள்.

கட்டிலில் மிஷின் ஏது என்கிறீர்களா? இல்லைதான். போர்வைக்குள் வலது பாதம் மட்டும் மேலும் கீழும், மேலும் கீழும்... நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

தங்கம் அக்காவுக்குப் பிறவியிலேயே வலது இடுப்பு மூட்டு விலகியிருந்தது. குழந்தையாக இருந்தபோது செய்த ஆபரேஷனில் தழும்பு மட்டும்தான் மிச்சம். கால் குட்டை, நடை சாய்வு, போன சில வருஷங்களாகத் தாங்க முடியாத வலி. அப்படியும் தம்பானூர் பக்கம் பாதிப் பெண்களுக்கு அவள்தான் பிளவுஸ் தைக்கிறாள். மிஷின் பலகையை முன்பாதத்தால் அழுத்தி, குதிகாலால் சாய்த்து, மறுபடி முன்பாதத்தைத் தூக்கி — அதுதான் அவள் பிழைப்பு.

இடுப்பு மூட்டையே மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மூத்த அக்காவின் கணவர், நாகர்கோவில் அத்தான், பஸ் ஏறி வந்தே விட்டார்.

"ரெண்டு காலும் சமமா வரணும் டாக்டரே. இம்புட்டு பெரிய ஆபரேஷன் பண்ணிட்டு, பொறவும் நொண்டுனா நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

அந்த நாலு பேர் யார்? நானும் ரொம்ப நாளாகத் தேடுகிறேன். நம் வீட்டு முடிவுகளையெல்லாம் அவர்கள்தான் எடுக்கிறார்கள்; ஆஸ்பத்திரியில் வந்து ஒரு ராத்திரி காவல் இருக்க மட்டும் வருவதில்லை.

டாக்டர் மலையாளி. பொறுமைசாலி. "நரம்புன்னா ரப்பர் அல்ல, கேட்டோ? இடுப்புக்குப் பின்னால ஓடற பெரிய நரம்பு இத்தனை வருஷம் குட்டைக் காலுக்குப் பழகினது. காலை ஒரேயடியா நீட்டினா அது வலிஞ்சு, இழுபட்டுக் கெட்டுப்போகலாம். அப்புறம் பாதம் மேல பொங்காது, தூக்கவே வராது, தொங்கிப் போகும்."

எல்லோருக்கும் அப்படி வராதாம். பெண்களுக்குச் சற்று அதிகம். மூட்டு பிறவியிலேயே விலகியிருந்தால் இன்னும் அதிகம். பழைய ஆபரேஷன் தழும்பில் நரம்பு ஒட்டிக்கொண்டிருந்தால் ஆபத்து. காலை நிறைய நீட்டினால் பெரிய ஆபத்து. ரேஷன் கடையில்கூட என் அக்காவுக்கு இத்தனை முன்னுரிமை கிடைத்ததில்லை.

"சமமா நீட்டிப் பாக்கலாமே..." என்று அத்தான் மறுபடி ஆரம்பித்தார்.

அதுவரை வாய் திறக்காத அக்கா திறந்தாள். "கொஞ்சம் குட்டையாவே இருக்கட்டும் டாக்டர். எனக்கு அது மதி, அதுவே போதும். செருப்புல ஒரு அட்டை ஒட்டிக்கிடுவேன். பாதம் போச்சுன்னா எதை ஒட்டுவேன்?"

டாக்டர் சிரித்துவிட்டார். அத்தான் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஆபரேஷன். சாயங்காலம் டாக்டர் வந்து பாதத்தைத் தூக்கச் சொன்னார். இடது பாதம் உயர்ந்தது. வலது அசையவே இல்லை. "முதுகில் போட்ட ஊசி முழுசா விட்டில்லா, மரத்துத்தான் இருக்கு. காலையில் நோக்காம்" என்று போய்விட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்! நான்தான் வீட்டில் மூடிக் கிடந்த மிஷினையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். அவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் நரம்பு போய்விட்டதோ? என் அக்கா இனி எதை வைத்துப் பிழைப்பாள்?

காலையில் பார்த்தால்... முதலில் சொன்னேனே, அந்தக் காட்சி.

"என்னக்கா செய்யிறே?"

"ஓணத்துக்குத் தைக்கக் குடுத்த துணியெல்லாம் அப்படியே கிடக்குல்லா? கால் மறந்துபோச்சான்னு பாத்தேன். மறக்கலை."

டாக்டர் பாதத்தைப் பிடித்து அழுத்தி, எதிர்த்துத் தள்ளச் சொன்னார். அக்கா தள்ளிய வேகத்தில் அவர் கை விலகியது. அந்த வார்டிலேயே அன்றைக்கு ராஜா நான்தான். கண்ணில் பட்டவருக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை அத்தான் வந்தார், பை நிறைய ஆரஞ்சுடன். கட்டில் ஓரம் குனிந்து இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு செஞ்சும் சமமா வரலியே தங்கம்" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

அக்கா வலது பாதத்தை மெதுவாக அவர் பக்கம் உயர்த்திக் காட்டினாள். "சமமா வரலை அத்தான். ஆனா மேல வருது, பாத்தீங்களா?"

அத்தான் பையைத் திறந்தார். ஆரஞ்சை உரித்து அவரே தின்ன ஆரம்பித்துவிட்டார்.