பண்ணாடி கிணற்றில் சிவப்பு மருந்து

சேந்தமங்கலம் சர்க்கிளில் ஹெல்த் இன்ஸ்பெக்டராக நான் சேர்ந்த முதல் வாரமே காலரா. முப்பதுகளில் ஒரு கோடை அது. சைக்கிள் கேரியரில் பர்மாங்கனேட் டின்னைக் கட்டிக்கொண்டு கிணறு கிணறாகப் போனேன். மருந்தைப் போட்டால் தண்ணீர் சிவக்கும், கிருமி சாகும், ஊர் என்னைத் திட்டும். மூன்றில் ஒன்றும் தவறியதில்லை.

ஓர் ஊரில் கூலிக்காரர் குடியிருக்கும் வளவில் மட்டும் சாவு விழுந்துகொண்டிருந்தது. அங்கே கிணறு கிடையாது. மாடு குளிக்கும் வாய்க்கால்தான் குடிதண்ணீர். மாராயி என்ற பெண் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, இளையதை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணியக் காய்ச்சிக் குடிம்மா" என்றேன், பாடம் ஒப்பிப்பவன் போல.

"கஞ்சி காய்ச்சவே வெறகு இல்லீங்க சாமி. தண்ணிக்கு எங்க போவேன்?"

சொன்ன எனக்கே வெட்கமாக இருந்தது. அவர்கள் 'பண்ணாடி' என்று கூப்பிடும் நிலக்காரருக்கோ மூன்று கிணறுகள். ஒன்றிலும் இவர்கள் கயிறு போடக்கூடாது. அவரிடம் போய்ச் சட்டம் பேசினேன். மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

எரிச்சலோடு, வளவை ஒட்டியிருந்த அவர் கிணற்றில் மருந்தைச் சற்றுத் தாராளமாகவே கொட்டினேன். தண்ணீர் கத்தரிப்பூ நிறமானது. பண்ணாடி ஓடி வந்தார்.

"ஏனுங்க இன்ஸ்பெக்டர், இதென்னுங்க கூத்து? இதை மனுசன் குடிப்பானுங்களா? எப்பங்க வெளுக்கும்?"

"எறைக்க எறைக்கத்தாங்க வெளுக்கும்."

"எங்க ஊட்டு ஆளுக இதத் தொடமாட்டாங்க." சட்டென்று வளவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அடே, எல்லாரும் கொடத்த எடுத்துட்டு வாங்கடா! இந்தக் கெணத்த எறைங்க!"

"எறைச்ச தண்ணிய என்னங்க பண்றது?" என்றேன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

"அவுங்களே கொண்டு போவட்டுமுங்க! எனக்கெதுக்கு?"

வேலைக்கென்றால் கயிறு போடலாம், தாகத்துக்கென்றால் கூடாது. அந்த நியாயம் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் நன்றாகப் பயன்பட்டது. வளவு வாய்க்காலை விட்டுவிட்டு, இறைத்த தண்ணீரைக் குடத்தில் ஓரிரவு வைத்து, நிறம் தெளிந்ததும் குடித்தது. நிறம் குறையும் சமயம் பார்த்துச் சைக்கிளில் போய் இன்னும் கொஞ்சம் மருந்து போடுவேன்.

"இன்னும் வெளுக்கலீங்களே?" என்று பண்ணாடி அங்கலாய்ப்பார்.

"பிடிவாதக் கெணறுங்க" என்பேன்.

வளவில் பேதி நின்றது. மாராயியின் பிள்ளை நடக்கப் பழகி, என் டின் மூடியை உருட்டி விளையாடியது. அதைப் பார்த்த சந்தோஷம் எந்தச் சம்பளத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். மருந்தின் அளவு டின்னிலேயே அச்சடித்திருக்கும். அந்தத் தண்ணீரை யாரைக் குடிக்க விடுவார்கள் என்பதை ஊருக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு மாற்றல் வந்தது. புதியவரிடம் சார்ஜ் ஒப்படைத்துவிட்டு, அந்தக் கிணற்றுக்கு மட்டும் நேரில் கூட்டிப் போனேன்.

"சார், இது வெளுத்தா வளவுல மறுபடி சாவு விழும்."

அவர் வளவைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். டின்னைத் திறந்தார்.